புதிதாக வெட்டிய குட்டை: கரை அரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை சென்னையில், இரண்டு மூன்று ஏக்கர் நிலம் மதுராந்தகத்திலோ உத்திரமேரூரிலோ ஊத்துக்கோட்டைப் பக்கமோ என்று இருப்பவர்கள் இன்று ஏராளம். கோடையில் பொக்லைன் வைத்து ஒரு குட்டை வெட்டிவிடுகிறார்கள். தை மாதம் போய்ப் பார்த்தால் ஓரம் சரிந்து, எட்டடி ஆழம் ஐந்தடியாகி, தண்ணீர் காபி நிறத்தில் நிற்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை.

ஏரிக்கரைகள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன. என் குட்டையின் ஓரம் மட்டும் ஏன் முதல் மழையிலேயே கரைகிறது?

ஏரிக்கரை தானாக நிற்கவில்லை. ஆளும் மாடும் நடந்து நடந்து இறுகிய மண் அது. மேலே புல்வேர் பின்னிக் கிடக்கிறது. ஆண்டுதோறும் யாரோ மண் போட்டிருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்: பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனிக்குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் குட்டையின் ஓரமோ சென்ற மாதம் இயந்திரப் பற்கள் கிளறிவிட்ட மண். அதில் வேரும் இல்லை, இறுக்கமும் இல்லை.

மழையின் குணமும் சேர்ந்துகொள்கிறது. சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதுவும் சில நாட்களில் மொத்தமாக. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அந்த அளவு மழைக்குக் குட்டையைத் தயார் செய்ய முடியாது. 10 செ.மீ. மழைக்காவது தயார் செய்யாவிட்டால் குட்டை வெட்டியதில் பயனில்லை.

எவ்வளவு சரிவாக வெட்டச் சொல்ல வேண்டும்? ஓரத்தை நெட்டுக்குத்தாக வெட்டினால் தண்ணீர் நிறையக் கொள்ளும் என்கிறார் பொக்லைன் ஓட்டுநர்.

வெட்டிய அன்றைக்கு நிறையக் கொள்ளும் என்பது உண்மைதான். அடுத்த மழையில் அந்தச் சுவர் உள்ளே விழுந்து, கொள்ளும் அளவையும் குறைத்துவிடும். நெட்டுக்குத்தாக வெட்டுவது இயந்திரத்துக்குச் சுலபம், மணிக்கணக்கில் வாடகை வாங்குபவருக்கும் வேலை விரைவாக முடிகிறது. ஓரத்தைச் சீவிச் சரிவாக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். அதற்காகக் கூடுதலாகச் சில மணி நேர வாடகை கொடுக்கலாம், தப்பில்லை.

கெட்டியான களிமண்ணில் ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி வெளியே போகும்படி சரிவு இருக்கட்டும். செம்மண்ணும் மணலும் கலந்த நிலத்தில் இரண்டடி. மணற்பாங்கான இடத்தில் மூன்றடி. புல் வளர்த்துப் பராமரிக்கப் போகிறீர்கள் என்றால் எந்த மண்ணாக இருந்தாலும் மேல் பகுதியைச் சற்று மல்லாத்தியே வையுங்கள். ஆள் நின்று அரிவாள் பிடிக்க முடியாத சரிவில் புல்லைப் பராமரிக்க முடியாது. ஒரு பக்கத்தையாவது நன்றாகச் சாய்த்து, இறங்கி ஏறும்படி விடுங்கள். தவறி விழும் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அந்தப் பக்கம்தான் வழி.

என் மண் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆய்வுக்கூடத்துக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். குட்டை ஓரத்து மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும். வண்டல் படியச் சில மணி நேரமாகும். களி மறுநாள் வரைகூட மிதந்துகொண்டிருக்கும். எது எவ்வளவு கனத்தில் படிந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை, ஆனால் இதுதான் முக்கியம். கொண்டைக்கடலை அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை, ஒரு தம்ளர் மழைத் தண்ணீரில் மெதுவாக இறக்கி, அசைக்காமல் விட்டுவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்; அதில் உள்ள உப்பு சோதனையை ஏமாற்றிவிடும். சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து சிறு குவியலாகி, சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல ஒரு மங்கல் எழும்பிப் பரவினால், அது சோடியம் மிகுந்த, தண்ணீர் பட்டாலே கரைந்துபோகும் களி. இத்தகைய மண்ணில் கரையின் உள்ளேயே தண்ணீர் துளை போட்டுக்கொண்டு போகும். மேலே புல் இருந்தாலும் அடியில் பொந்து விழும். இதற்கு மருந்து ஜிப்சம். மேல் அரை அடி மண்ணில் கலந்து, ஈரம் காட்டி, இறுக்க வேண்டும். எவ்வளவு போடுவது என்பதை மட்டும் மண் பரிசோதனை நிலைய அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது?

ஓரத்தில் கொட்டாதீர்கள். குட்டையின் விளிம்புக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கடி வெற்றிடம் விடுங்கள். விளிம்பிலேயே மேடு நின்றால் அதன் பாரம் ஓரத்தை உள்ளே தள்ளும், மழையில் அந்த மேடும் கரைந்து குட்டைக்குள்ளேயே போய்ச் சேரும். காசு கொடுத்து வெளியே எடுத்த மண்ணை மழை இலவசமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

இன்னொன்று: மேல்மண் அரை அடியைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அடியிலிருந்து வரும் சரளையிலும் களியிலும் புல் முளைப்பது அரிது. வேலை முடிந்ததும் அந்த மேல்மண்ணைச் சரிவின் மேல் பரப்பினால்தான் பச்சை பிடிக்கும். பொக்லைன் வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒரே குவியலாகக் கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

அந்த மண்ணிலேயே கரை எழுப்புவதானால், அரை அடி அரை அடியாகப் பரப்பி, ஈரம் காட்டி, டிராக்டரையோ ரோலரையோ ஓட்டி இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டிய கரை ஒரே பருவத்தில் அமுங்கிவிடும். எந்த இடத்தில் அதிகம் அமுங்குகிறதோ அங்கேதான் தண்ணீர் தாண்டும்.

நாலா பக்கமிருந்தும் தண்ணீர் உள்ளே வரட்டுமே. சீக்கிரம் நிறையுமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். புல், கல், வலை என்று எல்லாரும் ஓரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். புதுக்குட்டைகளைப் பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர் உள்ளே நுழையும் இடமும் வெளியே போகும் இடமும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். ஐந்து ஏக்கர் தண்ணீர் உங்கள் குட்டையை நோக்கிச் சரிகிறது என்றால் 20 லட்சம். பாதி மண்ணுக்குள் போய்விட்டாலும் 10 லட்சம் லிட்டர் ஓடி வரும். 60 அடிக்கு 60 அடி, எட்டடி ஆழம், ஒன்றுக்கு ஒன்றரை சரிவு உள்ள குட்டை கொள்வது சுமார் 5 லட்சம் லிட்டர். ஆக, ஒரு நல்ல மழை நாளில் உங்கள் குட்டை நிறைந்து, இன்னொரு குட்டையளவு தண்ணீர் வெளியேயும் போக வேண்டும். இவ்வளவும் ஓரத்தில் கண்ட இடத்திலெல்லாம் இறங்கினால், ஒவ்வொரு இடத்திலும் முதலில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழும். அடுத்த மழையில் அது கை நுழையும் பள்ளமாகும். பருவம் முடிவதற்குள் ஆள் இறங்கும் ஓடையாகிவிடும்.

ஆகவே குட்டையைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு வரப்பு போடுங்கள். தண்ணீர் ஒரே வாய் வழியாக மட்டும் வரட்டும். வாய்க்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி இருந்தால், மண் அங்கேயே தங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியால் அள்ளி வயலுக்குப் போடலாம், நல்ல உரம். குழியிலிருந்து குட்டைக்குள் இறங்கும் பாதையில் மேலிருந்து குட்டையின் தரை வரை கல் பதியுங்கள். அடியிலும் நாலடி நீளத்துக்குக் கல் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் விழும் தண்ணீர் அங்கே குழி பறித்து மேலே உள்ள கற்களையும் இழுத்துக்கொண்டு போகும். செலவு குறைய வேண்டுமானால் ஒரு பெரிய குழாயைப் பதித்து, அதன் முனை சரிவைத் தொடாமல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடலாம். தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் கல் போதும்.

கலங்கல், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் வழி, அவசியமா? நிறைந்தால் ஒரு குழாய் வழியாகப் போகாதா?

ஆறு அங்குலக் குழாய் மேலே சொன்ன கணக்குக்குத் தாங்காது. வாயில் ஒரு தென்னை மட்டை சிக்கினால் அதுவும் போயிற்று. குழாய் இருக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

ஐந்து ஏக்கர் தண்ணீர் வரும் குட்டைக்குப் பத்தடி அகலமுள்ள, சமமட்டமான, புல் போர்த்திய கலங்கல் வைப்பது நிம்மதி. அகலம் கூடக்கூடத் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவிப் போகும், மண்ணை அரிக்கும் வலிமை குறையும். கரையின் உச்சி கலங்கலின் மட்டத்தைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்கட்டும். கலங்கலை வெட்டாத இயற்கை நிலத்தில் வையுங்கள். புதிதாகப் போட்ட மண்கரையின் மேல் வைத்தால், தண்ணீர் தாண்டும் முதல் நாளே கரையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மட்டம் பார்க்க, கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடிக்கும் குழாயே போதும்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. பெருமழையில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதாகக் கதை. உங்கள் குட்டைக்குக் கலங்கலைத்தான் காவல் வைக்க வேண்டும்.

வெட்டிவேர் நட்டால் போதும் என்கிறார்களே?

வெட்டிவேர் அருமையான செடி, சந்தேகமில்லை. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே பத்தடிக்கும் கூடுதலாக இறங்கும். தண்ணீரில் சில நாள் மூழ்கினாலும் பிழைக்கும். தண்டு நெருங்கி வளர்ந்து, ஓடிவரும் மண்ணை வேலிபோலத் தடுக்கும். ஆனால் நட்ட அன்றே அது காவல் காக்காது. நெருக்கமாக அடைவதற்கு ஒரு பருவமாவது வேண்டும்.

தூர்களை நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரிசையாக நடுங்கள். மேலிருந்து கீழாக வரிசை பிடித்தால் தண்ணீருக்கு நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாக ஆகும். முதல் வரிசை குட்டை நிறையும் மட்டத்துக்குச் சற்று மேலே, அடுத்தது அதிலிருந்து மூன்றடி உயரத்தில். இடையில் அருகம்புல் பத்தைகளைப் பதியுங்கள். மேல்மண்ணைப் பிடித்துக்கொள்வதில் அருகுக்கு நிகர் இல்லை. வரப்பிலிருந்து பெயர்த்து வந்தால் செலவும் இல்லை. நட்டபின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் ஆடியில் நட்டால், இடையிடையே வரும் மாலை மழை கைகொடுக்கும். வேருக்கு நல்ல விலை இருக்கிறது என்று யாராவது தோண்டித் தரச் சொன்னால் கரையில் இருப்பதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனிமேல் புல் நட நேரம் இல்லை. என்ன செய்வது?

மண்ணை மூடுங்கள். மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் இருந்தாலே பாதி சேதம் தப்பும். கொள்ளையோ காராமணியையோ நெருக்கமாகத் தூவி, மேலே வைக்கோல் பரப்பி, அதன்மேல் தென்னை மட்டைகளைக் குறுக்காகப் போட்டு முளைக்குச்சி அடித்துவிடுங்கள். சில நாட்களில் பயறு முளைத்து வைக்கோலை ஊடுருவி நிற்கும். காசு இருந்தால் தென்னை நார்க் கயிற்று வலை வாங்கி விரிக்கலாம். அது இரண்டு மூன்று ஆண்டில் மக்குவதற்குள் புல் வேரூன்றிவிடும். வலை மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், தொங்கினால் அடியில் தண்ணீர் ஓடும்.

கரையில் என்ன மரம் வைக்கலாம்?

கரையின் மேல் மரம் வேண்டாம். வேர் பட்டுப்போனால் அந்த வழியே தண்ணீர் கசியும். புயலில் சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். 2016 வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்கள் வேரோடு எவ்வளவு மண்ணைத் தூக்கின என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாவல், புங்கன், மருதம் எல்லாம் கரையின் வெளிப்பக்க அடியிலிருந்து பதினைந்தடி தள்ளி வையுங்கள். பனை ஒன்றுதான் விலக்கு. அதன் சல்லிவேர் மண்ணைக் கட்டிப் பிடிக்கும், காற்றுக்கும் அசையாது. ஏரிக்கரைகளில் பனையை வரிசையாக வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். பலன் பார்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டாகும் என்பதால் இன்றே விதையைப் போடுங்கள்.

ஈரமான ஓரத்துக்கு வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் நல்லவை, கறிக்கும் ஆகும். சம்பு, நாணல் இரண்டும் சின்னக் குட்டையை விழுங்கிவிடும். நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் அழகுக்காகக்கூட உள்ளே விடாதீர்கள்.

பேசாமல் சுற்றிலும் சிமென்ட் சுவர் கட்டிவிட்டால்?

கட்டலாம். செலவு குட்டை வெட்டியதைவிடப் பல மடங்கு. தண்ணீர் வற்றும்போது சுவருக்குப் பின்னால் தேங்கிய நீர் அதை உள்ளே தள்ளும். கசிவுத் துளைகள் விடாத சுவர் வெடிக்கும். மீன், தவளை, பறவை எதற்கும் ஓரம் இல்லாமல் போகும். வீட்டை ஒட்டிய குட்டை என்றால் மட்டும் யோசியுங்கள்.

காற்று பலமாக வீசும் திறந்தவெளியில், அலை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் கல் பதிப்பது நியாயம். நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் ஓரிரு அடிகள் போதும். கல்லுக்கு அடியில் அரை அடி சரளை கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒவ்வோர் அலையும் கல்லின் இடுக்கிலிருந்து கொஞ்சம் மண்ணை உறிஞ்சி எடுக்கும். கற்கள் ஒவ்வொன்றாக அமிழ்ந்துபோகும். பிளாஸ்டிக் மணல் மூட்டைகள் அவசரத்துக்கு மட்டும். நம் வெயிலில் சாக்கு சில மாதங்களில் பொடிந்து, அந்தத் துணுக்குகள் குட்டையிலேயே கிடக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வெறும் மணல். பாய் விரிக்கலாமா?

விரிக்கலாம். பண்ணைக்குட்டைகளுக்கு 500 மைக்ரான் கனத்தில் கெட்டியான பாலித்தீன் விரிப்பு கிடைக்கிறது. விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கால்வாய் வெட்டி, விரிப்பின் முனையை அதில் புதையுங்கள். ஆனால் கடலோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறும். குட்டை காலியாக இருக்கும் நேரத்தில் அது நடந்தால் விரிப்பு அடியிலிருந்து பலூன்போல எழும்பிவிடும். அங்கே குட்டையை ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டுவதே மேல்.

மழையில் நன்றாக நின்ற ஓரம், மோட்டார் வைத்து இறைத்த மறுநாள் சரிந்தது. ஏன்?

தண்ணீர் இருந்தவரை அதுவே ஓரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரே நாளில் இறைத்துவிட்டீர்கள். ஓரத்து மண்ணுக்குள் ஊறிய நீர் அவ்வளவு வேகமாக வடியாது. கனத்த ஈர மண் பிடிமானம் இல்லாமல் வழுக்கி இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள், களிமண்ணில் இன்னும் மெதுவாக.

மாடு, மீன், எலி?

மாட்டுக்கு ஒரே ஒரு இறங்குபாதை, சரளை போட்டு; மற்ற இடங்களில் முள்வேலி. மீனில் சாதா கெண்டை வேண்டாம், அது ஓரத்தையும் தரையையும் கிளறித் தீனி தேடும். கட்லா, ரோகு விடுங்கள். எலி வளையும் நண்டு வளையும் தை, மாசியில் கண்ணில் படும். களிமண்ணை உருட்டித் திணித்துக் கழியால் இடித்து அடைக்க வேண்டும். மேலே ஒரு கூடை மண் கொட்டுவது அடைப்பது ஆகாது.

தண்ணீர் மாதக்கணக்கில் கலங்கியே இருக்கிறது. படிகாரம் போடலாமா?

முதலில் மண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை பெய்து ஒரு வாரத்தில் தெளிந்தால் அது இயல்பு. தெளியவே இல்லையென்றால், மண்கட்டிச் சோதனையில் சொன்ன, பால்போல மங்கும் சோடியம் களியாக இருக்கலாம்; ஜிப்சம் பலன் தரும். படிகாரம் தண்ணீரில் அமிலத்தன்மையை ஏற்றும், அளவு மீறினால் மீன் மிதக்கும். தேற்றாங்கொட்டையைப் பற்றியும் கேட்கிறார்கள்: அது குடத்துத் தண்ணீருக்கு.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

நிலத்தின் வழியே ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைக் காட்டிக் கேளுங்கள். புறம்போக்கு ஓடையை மறித்துக் குட்டைக்குத் திருப்ப முடியாது. வெட்டிய மண்ணை வெளியே விற்கவோ எடுத்துச் செல்லவோ கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். உங்கள் நிலத்திலேயே பரப்பிக்கொள்வது சுலபம். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறது. பண்ணைக்குட்டைக்குத் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்றும் அங்கேயே விசாரிக்கலாம்.

என் கலங்கல் தண்ணீர் தன் வயலை அரிக்கிறது என்று பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். முன்பு அகலமாகப் பரவிப் போன தண்ணீரை நீங்கள் ஒரே இடத்தில் குவித்து அனுப்புகிறீர்கள். கலங்கலுக்குக் கீழே உங்கள் எல்லைக்குள்ளேயே பதினைந்து இருபதடிக்குக் கல்லும் வெட்டிவேரும் போட்டு வேகத்தைத் தணியுங்கள். தண்ணீர் பழைய வாய்க்காலிலேயே போய்ச் சேரும்படி வழி செய்யுங்கள். அடுத்த முறை கலங்கல் ஓடும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கே இன்னும் நாலு கல் போட வேண்டும் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும்.